உப்பு மூட்டை கிடந்த மூலை

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே வந்தால் எங்கள் கடை. முன்பக்கம் 12 அடி, உள்நீளம் 28 அடி, பின்னால் ஓடு வேய்ந்த சரக்கு அறை. தெருவுக்கு அது அண்ணாச்சி கடை. தாத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதும் அதே பெயர்தான், அப்பா உட்கார்ந்தபோதும் அதேதான். அப்பாவுக்கு முழங்கால் ஓய்ந்ததும் கடையைப் பூட்டினோம். நான்கு வருஷம் பூட்டியே கிடந்தது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் 2021-ல் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் இந்தப் பக்கம் இடத்துக்கு விலை ஏறிவிட்டது. இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாம் என்றார் சித்தப்பா. தங்கச்சி, மிளகாய்ப்பொடி, இட்லிப்பொடி, மாவு என்று வீட்டில் செய்து விற்றுக்கொண்டிருப்பவள், கடையை அப்படியே தா என்றாள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டினோம். அவர் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு தூலத்தையும் சுத்தியால் தட்டிக் கேட்டார். 18 தூலத்தில் 2 மட்டும் கெட்டிருக்கிறது, சுவர் ஒன்றரை அடி கனம், அஸ்திவாரம் உட்காரவில்லை, தாராளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். சித்தப்பாவும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பங்குனியில் வேலையைத் தொடங்கினோம்.

முதலில் கை வைத்தது மேற்குச் சுவரில். அதுதான் ரொம்ப நாளாகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. தரையிலிருந்து நாலடி உயரம் வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, அதற்குப் பின்னால் சிமெண்ட் பூச்சு தட்டினால் டொக் டொக்கென்று கேட்கும். கடையைப் பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கான்ட்ராக்டர் வந்து, ஓதம் ஏறாமல் நிறுத்திவிடலாம் என்று சொல்லி, பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, ஏதோ கெமிக்கல் கலந்த சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் ஓதம் சிமெண்டைத் தாண்டி இன்னும் ஓர் அடி மேலே ஏறி நின்றது.

வியாசர்பாடியிலிருந்து வந்த மேஸ்திரிக்கு எழுபது வயது இருக்கும். உளி வைத்து ஒரே தட்டு. தோசைக்கல்லிலிருந்து தோசை கிளம்புகிற மாதிரி ஒரு முழப் பூச்சு அப்படியே கழன்று வந்தது. உள்ளே செங்கல் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று, பூனைமுடி மாதிரி மெல்லிய உப்புத் தூவல் சுவர் முழுக்கப் பூத்திருந்தது. விரல் பட்டால் உதிர்ந்தது. அதற்குப் பின்னால் செங்கல்லின் முகமே இல்லை, கால் அங்குலத்துக்கு மாவாகிப் போயிருந்தது. மேஸ்திரி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“தம்பி, இது தரையிலேர்ந்து ஏறுன உப்பு மட்டும் இல்ல. சமையல் உப்பு கணக்கா கரிக்குது. இங்க என்ன வச்சிருந்தீங்க?”

எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்த நாளிலிருந்து அந்த மூலையில் சோப்பு, ஷாம்பு அலமாரிதான். சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “உப்பு மூட்டை அங்கனதான்டா கிடக்கும். பாக்கெட் உப்பு வர்ற வரைக்கும் கல்லுப்புதான். ஒண்ணு மேல ஒண்ணா ஆறு மூட்டை அடுக்கி வச்சிருப்போம். மழைக்காலத்துல மூட்டை கசிஞ்சு தண்ணியா ஓடும்.”

உப்பு எங்கிருந்து வந்தது என்பதும் இந்த ஊரின் கதைதான். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்கள். அங்கிருந்து பக்கிங்காம் கால்வாயில் படகில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அதே கால்வாயில் விறகும் கட்டடத்துக்கான கிளிஞ்சலும் வந்தன. சென்ட்ரலுக்குப் பின்பக்கச் சரக்கு ரயில் யார்டுக்கு இன்றைக்கும் சால்ட் கொட்டார்ஸ் என்றுதான் பெயர். கொட்டாரம் என்றால் கிடங்கு. ஆக, கால்வாய் வழியாக வந்து, கடை மூலையில் அடுக்கி, மழைக்கு மழை கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லுக்குள் இறங்கிய உப்பைத்தான் மேஸ்திரி ருசி பார்த்திருக்கிறார்.

இது ஏன் சிமெண்டுக்கு அடங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லை உள்ள பழைய வீடுகள் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனையோ இருக்கின்றன. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். வெயில் அடித்தால் மறுபடியும் படிகமாகும். படிகம் ஆகும்போது இடம் போதாமல் செங்கல்லின் நுண்துளைகளை நெம்பும். கடலோரம் இருக்கிற நமக்கு இது தினசரி நடக்கும். சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியே வந்து உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைப்பத்தால் தள்ளிவிடலாம். காரை பாழாகுமே தவிர செங்கல் தப்பிக்கும். சிமெண்ட் போட்டு வாயை அடைத்தால், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகிறது. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது.

ஆகவே உப்பை வெளியே எடுத்துவிட்டுத்தான் பூசுவது என்று முடிவு செய்தோம். முறை இதுதான். சிமெண்டை முழுக்க எடுத்து, தேங்காய்நார் பிரஷால் காய்ந்த சுவரைத் தேய்த்து, உதிர்ந்த உப்பைப் பிளாஸ்டிக் ஷீட்டில் பிடித்து அப்புறப்படுத்தினோம். கீழே கொட்டவிட்டால் தரை வழியாக மறுபடியும் ஏறிவிடும். பழைய நியூஸ்பேப்பரைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, கையால் பிசைந்து கூழாக்கி, கொஞ்சம் சலித்த மணல் சேர்த்து, சுவரில் ஓர் அங்குல கனத்துக்கு அப்பினோம். நெற்றிக்குப் பற்றுப் போடுகிற மாதிரிதான். கூழிலுள்ள தண்ணீர் செங்கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும். அப்புறம் கூழின் வெளிப்பக்கம் காயக் காய, கரைந்த உப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். முழுக்கக் காய்ந்ததும் உரித்து எறிய வேண்டும்.

இதில் முதலிலேயே கவனிக்க வேண்டியது தண்ணீர். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு. அதில் கூழ் கரைத்தால் சுவருக்கு இன்னும் உப்பு ஊட்டுவதாகிவிடும். மெட்ரோ வாட்டர் வருகிற நாளில் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்து அதைத்தான் பயன்படுத்தினோம். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-லிருந்து ஓடுகிறது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் அதன் திறன், வடசென்னைக்கு அந்தத் தண்ணீர் வருகிறது. உப்பு நீக்கிய தண்ணீரைக் கொண்டே சுவரின் உப்பை நீக்கினோம் என்று நினைக்கும்போது எனக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

உப்பு வெளியே வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் கேன் தண்ணீர் பார்க்க வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்தேன், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது அது. காய்ந்த கூழில் 50 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி அளந்தேன். சுவரில் அப்பாத வெறும் கூழ் 260 காட்டியது. முதல் பற்று 4,100. எட்டு நாள் கழித்து எடுத்த இரண்டாவது பற்று 1,900. சித்திரை வெயில் என்பதால் எட்டு நாளில் காய்ந்தது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. மூன்றாவது பற்றும் போட்டிருக்க வேண்டும். கூரை வேலைக்கு ஆள் வந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

அந்த வாரத்திலிருந்து சுவர்களை நான் வேறு விதமாகப் பார்க்க ஆரம்பித்தேன். எந்தப் பழுது எங்கே இருக்கிறதோ, அங்கே ஒரு சரக்கு இருந்திருக்கிறது. கிழக்குச் சுவரில் இடுப்புயரத்துக்கு வழவழவென்று தேய்ந்த நீளப் பட்டை, அரிசி மூட்டைகளை உரசி உரசி அடுக்கிய இடம். தரை இடுக்கில் சுரண்டியபோது மேஸ்திரியின் கையாள் விடாமல் தும்மினான், அது மிளகாய் வற்றல் மூலை. தூலத்தில் ஓர் இரும்புக் கொக்கி தொங்கியது. தராசு மாட்டியது. கைவிரல் கனமுள்ள கம்பி, தராசின் வளையம் ஆடி ஆடி உள்வளைவில் பாதிக்குப் பாதி தேய்ந்துபோயிருந்தது. எண்ணெய் தடவிக் கழற்றாமல் அங்கேயே விட்டிருக்கிறோம்.

தெற்குச் சுவர்தான் என்னை ஏமாற்றியது. பார்ப்பதற்கு அதுதான் நல்ல சுவர். உப்பு இல்லை, ஓதம் இல்லை, கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். காரையைக் கொத்தி எடுத்துவிட்டு முதல் சுவராக அதைத்தான் சுண்ணாம்பில் பூசினோம். ஒன்பதாம் நாள் காலையில் வந்து பார்த்தால் மூன்றடிக்கு நாலடி ஒரு பாளம் தரையில் கிடந்தது. பின்பக்கம் பிடித்த தடமே இல்லை. செங்கல்லைத் தொட்டால் பிசுபிசுப்பு. உளியால் தோண்டினால் நாலு அங்குலம் உள்ளே போயும் அதே பிசுபிசுப்பு, மேஸ்திரி முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லெண்ணெய் சிக்கு” என்றார்.

நாலு அங்குலத்துக்கு எண்ணெய் இறங்க எத்தனை வருஷம் ஆகும்? அப்பாவிடம் கேட்டால், நம்ம காலத்தில் அங்கே எண்ணெய் வைத்ததே இல்லை, பருப்பு டின்னுதான் என்றார். கிருஷ்ணாயில் டிரம் வாசல் பக்கம், நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் கல்லாவுக்குப் பின்னால். எண்ணெய் சுவருக்கு நேர் கீழே சிமெண்ட் தரையைப் பெயர்த்துப் பார்த்தோம். கீழே கடப்பாக் கல். அதில் வரிசையாக மூன்று வட்டக் கறை, ஒவ்வொன்றும் இரண்டடி விட்டம், கல்லின் நிறத்தைவிட இரண்டு பங்கு கறுப்பு. பெரிய எண்ணெய் ஜாடிகள் வருஷக்கணக்காக அசையாமல் நின்ற இடம். அப்போதுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது, தாத்தாவுக்கு முன்னால் இது எண்ணெய் மண்டி என்று பாட்டி ஒரு தடவை சொன்னாராம். தாத்தா கட்டிய கடை என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் சொல்லும் கதை இப்படி. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்ற பயத்தில் மெட்ராஸே காலியானது. அரசாங்கமே, இங்கே இருந்தே ஆக வேண்டிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று சொல்லியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பேட்டைகளுக்கு இரட்டைப் பயம், 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து எண்ணெய் டாங்குகளைச் சுட்டு எரித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து கொத்தவால் சாவடியில் மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்த தாத்தா, அப்படிக் காலியான ஓர் இடத்தைத்தான் குறைந்த விலைக்குப் பிடித்தார்.

கடப்பாக் கல் இடுக்குகள் இந்தக் கதைக்கு ஒத்துப்போகின்றன. கல்லா இருந்த இடத்துக்குக் கீழே, இரண்டு கல்லுக்கு நடுவில் விழுந்த காசுகளை ஊசியால் கிளறி எடுத்தோம். ஓட்டைக் காலணா 3, அதில் பழையது 1943. 1957-ஆம் வருஷத்து ஒரு நயா பைசா 2. அப்புறம் அறுகோண அலுமினிய மூன்று பைசா 1, வருஷம் 1967. அதற்குப் பிந்தைய காசு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் 1967-க்குக் கொஞ்சம் பிறகு மேலே சிமெண்ட் தரை போட்டு இடுக்கை மூடியிருக்கிறார்கள். ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா என்று இருந்த கணக்கு 1957 ஏப்ரல் 1 முதல் 100 நயா பைசா ஆனது. அதை ஆறவிடாமல் 1958 அக்டோபரிலிருந்து கிலோ வந்தது, 1962-ல் கட்டாயமானது. அதுவரை பலம், வீசை, மணங்கு. 40 பலம் ஒரு வீசை, ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். 8 வீசை ஒரு மணங்கு. காலணாவுக்கு இத்தனை பலம் புளி என்று மனசில் வைத்திருந்த வாடிக்கைக்காரர்களுக்குப் புது காசையும் புது எடையையும் ஒரே சமயத்தில் விளக்கியதுதான் வாழ்க்கையிலேயே தான் பேசிய அதிகமான பேச்சு என்று தாத்தா சொல்வாராம்.

அப்படியானால் கட்டடம் எந்த வருஷத்தியது? பின்னறை ஓடு ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை, மங்களூர் என்று அச்சு, பக்கத்தில் 1865. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856-ல். அதற்கு ஒன்பதே வருஷம் கழித்துக் கட்டிய கடையா என்று வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மறுநாள் பொறியாளர்தான் விளக்கினார். 1865 என்பது அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம், பின்னால் செய்த ஓடுகளிலும் அதையே அச்சிட்டிருக்கிறார்கள். பழைய கட்டடங்களைப் பார்க்கும் நிறையப் பேர் இதில் தவறுவதுண்டாம். ஆனாலும் ஓடு ஒரு துப்புத் தருகிறது. முதல் உலகப் போரில், ஜெர்மானியர்கள் நிறைய இருந்த சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷனின் தொழில்கள் பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போய், பிறகு காமன்வெல்த் டிரஸ்ட் பெயருக்கு மாறின. ஆகவே மிஷன் பெயருள்ள ஓடு அதற்கு முந்தையது. ஓடு இந்தக் கூரைக்கென்றே வாங்கியதாக இருந்தால் பின்னறைக்கு நூறு வயதுக்கு மேல். வேறெங்கோ இடித்த வீட்டிலிருந்து வந்ததாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. எண்ணெய்க் கறையைப் பார்த்த பிறகு நான் முதலாவதைத்தான் நம்புகிறேன்.

எண்ணெய் சுவருக்கு ஒரே வழிதான். முன்வரிசைச் செங்கல்லை இரண்டிரண்டு அடியாகப் பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் பழைய வீட்டுச் செங்கல் வாங்கி வைத்துக் கட்டினோம். சோடா போட்டுக் கழுவிப் பார்த்தோம், மேலே போனதே தவிர உள்ளே இருந்தது மறுநாள் கசிந்து வந்தது. பெயர்த்த செங்கல் ஒன்றை தங்கச்சி எடுத்து வைத்திருக்கிறாள். வெயிலில் வைத்தால் இன்னும் எள் வாசனை வருகிறது.

இனி சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வாங்கினோம், பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்டது. கட்டியைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது டிரம் கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக்கூடாது. சலித்து, தண்ணீருக்கு அடியில் மூன்று வாரம் வைத்தால் வெண்ணெய் மாதிரி திரண்டு வரும். ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரைப் பங்கு ஆற்று மணல், அரைப் பங்கு சலித்த செங்கல் பொடி. கலக்குவதற்குக் கடுக்காய்த் தண்ணீர்: கடுக்காயை உடைத்து ஐந்து நாள் ஊறவைத்து, வடிகட்டி, பனைவெல்லம் கரைத்தது. முதல் தடவை இரும்பு வாளியில் ஊறவைத்தேன். இரண்டாம் நாளே தண்ணீர் மை மாதிரி கறுத்துவிட்டது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் உண்மையிலேயே மைதான், அந்தக் காலத்தில் எழுதும் மை செய்யவும் கடுக்காய் பயன்பட்டது. தாத்தாவின் கடன் நோட்டைப் புரட்டிய கையில் ஒட்டுவது போன்ற அதே கறுப்பு என் விரல்களில் ஒரு வாரம் இருந்தது. அப்புறம் பிளாஸ்டிக் வாளிக்கு மாறினோம்.

பூசியதும் வேலை முடிவதில்லை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும் காற்றும் வேண்டும். வெயில் படாமல் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, மூன்று வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம். கிளிஞ்சல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1904-ல் நம் மெட்ராஸில்தான் நடந்தது, கடல் கிளிஞ்சலைக் கொண்டே. அது நிலைக்கவில்லை. இந்தச் சுவரைக் கட்டியவர்கள் எந்தக் கிளிஞ்சலைச் சுட்டார்களோ அதே கிளிஞ்சலில் சிமெண்டுக்காரர்களும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

கூரை தூலக்கட்டு. மெட்ராஸ் டெரஸ் என்று சொல்வார்களே, அதுதான். பர்மா தேக்குத் தூலங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பரப்பி, மேலே ஓர் அங்குல கனத்தில் மெல்லிய தளச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துக்கல்லாகச் சாய்வாட்டில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, கடைசியில் தட்டோடு. கெட்டுப்போன இரண்டு தூலமும் மேற்குச் சுவருக்குள் நுழையும் முனையில்தான் இற்றிருந்தன, காரணம் அந்தச் சிமெண்ட் பூச்சும் கூரைக் கசிவும். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, இற்ற ஒன்றரை அடியை அறுத்து, பழைய மரக்கடையில் வாங்கிய தேக்குத் துண்டை இருபக்கமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு இணைத்தோம். முனையைச் சுற்றிச் சுவரில் அரை அங்குலம் காற்றுக்கு இடம் விட்டோம். மேலே நாற்பது சதுர அடித் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டோம். மூன்று பெண்கள் மரக்கட்டையால் கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்து மூன்று நாள் அடித்தார்கள். முதல் நாள் சத்தம் சேற்றில் அடிப்பது போல இருக்கும். மூன்றாம் நாள் மாலை கட்டை துள்ளித் திரும்பியது, போதும் என்றார் மேஸ்திரி. வயரிங், பிளம்பிங் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய ரோலிங் ஷட்டரை மட்டும் எடுத்துவிட்டோம். அதன் துருவும் அதிர்வும் வாசல் தூணையே பிளந்திருந்தன.

ஷட்டரை எடுத்தால் கடையை எதை வைத்து மூடுவது? பரணில் பழைய பலகைகள் இருக்கின்றன என்று அப்பா சொன்னார். இறக்கிப் பார்த்தால் தேக்குப் பலகை 10, ஒவ்வொன்றும் 11 அங்குல அகலம், எட்டடி உயரம். மேலும் கீழும் சட்டத்திலுள்ள காடியில் ஒவ்வொன்றாக நுழைத்துத் தள்ளி, கடைசிப் பலகையைப் பூட்டினால் கடை மூடியது. எந்தப் பலகை எங்கே என்று தெரிய ஒவ்வொன்றின் தலையிலும் தமிழ் எண் செதுக்கியிருந்தது. தூசியைத் துடைத்துத் தரையில் பரப்பினேன். ௩, ௪, ௫, ௬, ௮, ௯, ௰, ௰௧. ௭ இல்லை. ௧-ம் இல்லை. ஆனால் ௨ இரண்டு இருந்தது.

ஆச்சாரியும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க மாற்றி மாற்றி நுழைத்துப் பார்த்தோம். எந்த ௨ இரண்டாவது, மற்றது எந்தக் கதவைச் சேர்ந்தது? வேறு கடைப் பலகை தவறிப்போய்க் கலந்திருக்கும் என்றுகூட ஆச்சாரி சொன்னார். சாயங்காலம் அப்பாவை ஆட்டோவில் அழைத்து வந்தோம். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒன்றைக் காட்டினார்.

“அது ரெண்டு இல்லடா. பிள்ளையார் சுழி. முதல் பலகைக்கு எண் கிடையாது. லாபம்னுதான் சொல்லுவோம்.”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அரிசியைப் படியால் அளக்கும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள், லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். சின்ன வயதில் அப்பா அளக்க நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தச்சரும் பலகையை அப்படியே எண்ணியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் இரண்டு செதுக்கலுக்கும் வித்தியாசம் இருந்தது. ௨-ன் வால் நேராக முடிந்தது. சுழியின் வால் நீண்டு, அதற்குக் கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கோடு. அந்தப் பலகையின் இடது ஓரத்தில் மட்டும் மற்றதில் உள்ள படிவெட்டு இல்லை, தூணோடு ஒட்டி நிற்க வேண்டியது அது. இதை நாங்கள் மத்தியானமே கவனித்திருக்கலாம்.

௭ எண்ணெய் பீப்பாய் இறக்க வண்டிக்கும் படிக்கும் நடுவில் போட்டு உடைந்துபோனதாம். மரக்கடையில் மிச்சமிருந்த தேக்கில் ஆச்சாரி புதிதாக ஒன்று செய்தார். தமிழ் எண் செதுக்கிப் பழக்கமில்லை என்றார். அப்பா சாக்பீஸ் வாங்கி, பலகையின் தலையில் நடுங்கும் கையால் ௭ எழுதிக் கொடுத்தார். நடுக்கமும் சேர்த்தே ஆச்சாரி செதுக்கிவிட்டார். நேராக்கித் தரவா என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

ஆவணியில் தங்கச்சி கடை திறந்தாள். தினமும் ராத்திரி எட்டரைக்கு அவள் மகன் பலகை போடுகிறான். லாபம், உ, ங, ச, ரு, சு என்று எழுத்தாகவே வாசித்துக்கொண்டு போடுகிறான். நான் திருத்தவில்லை, அப்பாவும் சின்ன வயதில் அப்படித்தான் வாசித்தாராம்.

ஐப்பசி கடைசி வாரம் மூன்று நாள் விடாமல் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். நான்காம் நாள் காலையில் போய்ப் பலகையை எடுத்து, முதலில் கூரையைப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. தெற்குச் சுவரில் கை வைத்தேன், காய்ந்திருந்தது. மேற்கு மூலையில், உப்பு மூட்டை கிடந்த இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. காரை கெட்டியாகத்தான் இருந்தது. பென்சிலால் ஈரத்தின் விளிம்பைச் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி போட்டு வைத்தேன்.

மூன்றாவது பற்று பாக்கி இருக்கிறது. சித்திரையில் அந்த ஒரு சாண் காரையை மட்டும் எடுத்துவிட்டுப் போட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நியூஸ்பேப்பரை எடைக்குப் போடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.